கருவி கையில் இருக்கிறது, எழுத்துதான் இல்லை: பார்வையற்றோர் தொழில்நுட்பம் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

நம் நாளிதழ்களில் அடிக்கடி ஒரே மாதிரி செய்தி ஒன்று வரும். ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் பார்வையற்றவர்களுக்காக ஒரு ஸ்மார்ட் கண்ணாடி கண்டுபிடித்திருப்பார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் ஷூ, ஷூ இல்லாவிட்டால் தொப்பி அல்லது கைத்தடி. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஓர் ஆர்டுயினோ பலகை, ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பஸ்ஸர். எதிரே ஏதாவது வந்தால் கத்தும். படத்தில் மாணவர்கள், துறைத்தலைவர், கல்லூரி முதல்வர் எல்லோரும் இருப்பார்கள். பார்வையற்றவர் மட்டும் இருக்க மாட்டார்.

மாணவர்களைக் குறை சொல்ல வரவில்லை. நானும் பி.இ. படித்தவன்தான், இறுதியாண்டு புராஜெக்ட் எப்படி நடக்கும் என்று தெரியும். என் புகார் அந்தச் செய்தி எழுதப்படும் விதத்தின் மேல். மூன்று கேள்விகளுக்கு அதில் பதிலே இருக்காது. பார்வையற்ற ஒருவர் இதை ஒரு மாதமாவது தெருவில் பயன்படுத்திப் பார்த்தாரா? எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும்? கெட்டுப்போனால் யார் சரி செய்வார்கள்? இந்த மூன்றும் இல்லாத செய்தி, பார்வையுள்ளவர்கள் படித்துவிட்டு நெகிழ்வதற்கான செய்தி. பார்வையற்றவருக்கு அதில் ஒன்றுமில்லை.

இணையத்தில் கிடைக்கும் ‘உதவித் தொழில்நுட்பப் பட்டியல்’களும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். இருபது கருவி, முப்பது செயலி, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வரி. எதை முதலில் எடுக்கணும், எது தமிழில் வேலை செய்யும், எதை யாரிடம் கற்றுக்கொள்ளணும் என்று எதுவும் இருக்காது.

சில மாதங்களாக இந்த விஷயத்தை நோண்டிக்கொண்டிருக்கிறேன். நான் வந்து சேர்ந்த இடம் இது: தமிழ் வாசிக்கும் பார்வையற்ற ஒருவருக்கு இன்று கருவிப் பஞ்சம் பெரிதாக இல்லை. அவருக்கு இல்லாதவை இரண்டு. ஒன்று, கற்றுக்கொடுக்க ஆள். இன்னொன்று, அந்தக் கருவியால் வாசிக்கக்கூடிய தமிழ் எழுத்து. இரண்டாவது பிரச்சினையை உண்டாக்கிக்கொண்டிருப்பது நாம்தான்.

ஒரு தடி உருவான விதம்

முதலில் அந்தச் செய்திகளுக்கு எதிர் உதாரணம் ஒன்று. ஐஐடி டெல்லியின் ‘ஸ்மார்ட்கேன்’. இதுவும் மாணவர் புராஜெக்டாகத் தொடங்கியதுதான். ஆனால் அங்கேயே நிற்கவில்லை. பார்வையற்றோருடன் வேலை செய்யும் சக்ஷம் அமைப்பைச் சேர்த்துக்கொண்டார்கள். பயன்படுத்துபவர்களிடம் கொடுத்து, திரும்ப வாங்கி, மாற்றி, மறுபடி கொடுத்து என்று பல ஆண்டுகள் ஓட்டினார்கள். உற்பத்தியை எடுத்துக்கொண்டது சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். 2014-ல் வெளிவந்தபோது விலை சுமார் 3,000 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் வெள்ளைத் தடியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. தரையில் இருக்கும் பள்ளம், படி, கல் எல்லாவற்றையும் சாதாரணத் தடியே சொல்லிவிடும். தடிக்குத் தெரியாதது முழங்காலுக்கு மேலே இருப்பவை: திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கம், தாழ்ந்த மரக்கிளை. தலையில் இடிப்பவை இவைதான். அதனால் தடியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியாகச் செய்தார்கள். சுமார் மூன்று மீட்டர் தூரத்துக்குள் தடை இருந்தால் கையில் அதிர்வாகத் தெரியும். ஏன் சத்தமாக இல்லாமல் அதிர்வாக? தெருவில் நடக்கும் பார்வையற்றவருக்குக் காதுதான் முக்கியமான புலன். அதில் பஸ்ஸரை அலறவிட்டால், வரும் பஸ்ஸின் சத்தம் எப்படிக் கேட்கும்? பயனரிடம் ஒரு நாள் பேசியிருந்தாலே தெரிந்திருக்கும் விஷயம் இது. பஸ்ஸர் வைத்த ஷூ செய்தி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

பையிலேயே இருக்கும் கருவி

என் சித்தப்பாவுக்கு ஓய்வு பெற்ற பிறகு கண்நீர் அழுத்தத்தால் பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. ஒரு மருத்துவமனையில் பல வருஷம் சிகிச்சை. கடைசியில் ‘இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மருத்துவமாக அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஒரு வாழ்க்கை இருக்கிறதே! தடி பிடித்து நடக்கப் பழகுவது, போனைக் கேட்டு இயக்குவது, பத்திரிகை வாசிப்பது இதெல்லாம் எங்கே சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு கூடக் கொடுக்கவில்லை. என் கணிப்பில் உதவி தேடுபவர்கள் தொலைந்துபோகும் முதல் இடம் இதுதான், கண் மருத்துவருக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் நடுவே இருக்கும் பள்ளம்.

சித்தப்பா என்னிடம் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ‘பேப்பர் படிக்கணும்டா, அவ்வளவுதான். ஏதாவது மிஷின் இருக்கா?’

‘இருக்கு சித்தப்பா, உங்க சட்டைப்பையிலயே இருக்கு’ என்றேன்.

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் 2009-லிருந்து இருக்கிறது. அதே ஆண்டு ஐபோனுக்கு வாய்ஸ்ஓவர் வந்தது. இரண்டும் போனோடு வருபவை, தனியாகக் காசு கிடையாது. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில் இருக்கும். இயக்கினால் திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் சொல்லும். ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும், வலப்பக்கம் விரலைத் தள்ளினால் அடுத்ததுக்குப் போகும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இயக்கிய முதல் நிமிஷத்தில் எல்லோரும் நினைப்பது ‘போன் கெட்டுப்போச்சு’ என்றுதான். வழக்கமாக ஒரு தட்டில் திறப்பது திறக்காது, திரை ஒரு விரலுக்கு நகராது. பக்கத்தில் உட்கார்ந்து பத்து நாள், தினமும் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். இல்லாவிட்டால் மறுநாளே அணைத்துவிடுவார்கள். அதனால்தான் ‘செயலிகளின் பட்டியல்’ என்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒரு செயலியும் பத்து நாள் துணையும் போதும், முப்பது செயலிகளின் பெயர் எதற்கும் உதவாது.

கணினியிலும் இதே கதைதான். ஜாஸ் என்ற திரைவாசிப்பான் பழையது, வலுவானது, ஆனால் விலை கொடுத்து வாங்கணும். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், தன் கணினியைத் தான் பயன்படுத்துவதற்கு ஏன் தனியாகப் பெரிய தொகை கட்டணும் என்று கேட்டு என்விடிஏ எழுதத் தொடங்கினார். பிறகு அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்தார், அவரும் பார்வையற்றவர். இன்று அது இலவசத் திறமூல மென்பொருள். ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு எந்த விண்டோஸ் கணினியிலும் ஓட்டலாம். மென்பொருள்காரர்களாகிய நாம் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தத் துறையில் நிலைத்து நிற்பவற்றில் பல, தேவையிருந்தவர்களே எழுதியவை.

குரல் யாருக்கு இனிமையாக இருக்கணும்?

என்விடிஏவோடு வரும் குரல் இயந்திரம் ஈஸ்பீக். ஜோனதன் டடிங்டன் 1995-ல் ஏகார்ன் கணினிக்காக எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைச் சில எம்பிக்குள் அடக்கியிருக்கிறது, தமிழும் உண்டு. கேட்டால் முதலில் சிரிப்பு வரும். தகர டப்பாவுக்குள்ளிருந்து ரோபோ பேசுவது மாதிரி இருக்கும்.

பார்வையுள்ளவர்கள் உடனே கொடுக்கும் தீர்ப்பு: ‘தமிழ்க் குரல் சரியில்லை, இயல்பான குரல் செய்யணும்.’ செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். விண்டோஸில் ‘வள்ளுவர்’ என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. ஆனால் அனுபவமுள்ள பார்வையற்ற பயனர்களில் பலர் ஈஸ்பீக்கை விடமாட்டேன் என்கிறார்கள். காரணம் வேகம். அவர்கள் கேட்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் புரியாது. மனிதக் குரலின் பதிவுகளிலிருந்து செய்த குரலை மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினால் மெய்யெழுத்துக்கள் கரைந்துவிடும். ஈஸ்பீக் போலக் கணக்கிட்டு ஒலியை உருவாக்கும் இயந்திரம் அந்த வேகத்திலும் எழுத்துக்களைத் தனித்தனியாக வைத்திருக்கும். விசையை அழுத்திய கணத்தில் பதிலும் சொல்லிவிடும். நாம் கண்ணால் ஒரு பக்கத்தை மேய்வதைப் போல அவர்கள் காதால் மேய்கிறார்கள். கதை கேட்க இனிய குரல், வேலை செய்ய ரோபோ குரல் என்று இரண்டையும் வைத்திருப்பவர்களும் உண்டு. எது நல்ல குரல் என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்யணும்.

குரலில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, மொழி மாறும் இடத்தில். ஒவ்வொரு வலைப்பக்கத்திலும் ‘இது எந்த மொழி’ என்று சொல்ல ஒரு குறி வைக்கலாம். திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. நம் தமிழ்த் தளங்கள் பல வெளிநாட்டு டெம்ப்ளேட்டில் கட்டியவை. அதில் மொழி ஆங்கிலம் என்று எழுதியிருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். விளைவு, தமிழ்க் கட்டுரை ஆங்கிலக் குரலிடம் போகும். சில குரல்கள் தமிழை அப்படியே விழுங்கிவிட்டு நிறுத்தக்குறிகளில் மட்டும் மூச்சு விடும். திருத்துவதற்கு ஆகும் நேரம் முப்பது விநாடி. ரெண்டு எழுத்தை மாற்றணும், அவ்வளவுதான்.

ஜேகேபிஓ

இப்போது இந்தக் குறிப்பின் மையத்துக்கு வருகிறேன்.

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது என்ன தெரியுமா? ஆங்கில எழுத்துக்கள் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. திரையில் அவற்றின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. நம் கண்ணுக்கு ‘தமிழ்’. திரைவாசிப்பானுக்கு ‘ஜேகேபிஓ’. வானவில் போன்ற மற்றப் பழைய எழுத்துருக்களிலும் சங்கேதம்தான் வேறு, சங்கதி ஒன்றே.

1990-களில் இதற்கு நியாயம் இருந்தது. அன்றைய கணினிகளுக்குத் தமிழ் தெரியாது, அச்சில் வந்தால் போதும் என்று இருந்தோம். ஆனால் 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழக அரசின் தரமாக அறிவித்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் அலுவலகங்களிலும் பதிப்பகங்களிலும் பழைய எழுத்துருவில் தட்டிக்கொண்டிருக்கிறோம். ‘பிரிண்ட் எடுத்தால் சரியாத்தானே வருது?’ என்பது பதில். வருகிறது. பிரிண்டைப் பார்க்க முடிந்தவருக்கு.

யூனிகோடில் எழுதினாலும் பிடிஎஃப் ஆக்கும்போது அடுத்த பொறி காத்திருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை நாம் எழுதும்போது ஒற்றைக்கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். ஆனால் யூனிகோடில் வரிசை வேறு: முதலில் க, பிறகு உயிர்க்குறி. பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருள் சரியான அட்டவணையை உள்ளே வைக்காவிட்டால், எழுத்துக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வெளியே வரும். கொம்பு முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும், க அநாதையாக நிற்கும். எ, ஏ, ஐ, ஒ, ஓ ஏறிய எழுத்து வரும் இடமெல்லாம் குரல் தடுக்கி விழும். நீங்களே சோதிக்கலாம். ஒரு தமிழ் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். என்ன வருகிறதோ அதைத்தான் திரைவாசிப்பான் படிக்கும்.

இதைவிட மோசம், எழுத்தே இல்லாத பிடிஎஃப். கணினியில் தட்டச்சு செய்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, அதை ஸ்கேன் செய்து, படமாக ஏற்றுவது. எழுத்தாக இருந்ததை மெனக்கெட்டு அழித்துவிட்டுப் படமாக்குகிறோம். ஒரு துறையின் தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான விண்ணப்பப் படிவமே இப்படிச் சாய்வாக ஸ்கேன் செய்த படமாக இருந்ததைப் பார்த்தேன். யாருக்காக அந்தப் படிவமோ அவரால் அதைப் படிக்க முடியாது என்பது ஏற்றியவருக்குத் தோன்றவே இல்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கையெழுத்து தெரியணும் என்பது நடைமுறை. அதற்கு டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் ஸ்கேன் பக்கத்திலேயே மூல வேர்ட் கோப்பையும் சேர்த்து ஏற்றலாம். செலவு பூஜ்யம்.

படத்திலிருந்து எழுத்தை மீட்கும் ஓசிஆர் இப்போது தமிழுக்கும் ஓரளவு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் துணைக்காலும் ர-வும் அதற்கு இன்னும் குழப்பம்தான். பத்திரிகைபோல நான்கு பத்தியாகப் பிரித்த பக்கம் என்றால் வரிகளைக் குறுக்கே படித்துவிடும். ஒரே ஆவணத்தைப் பத்தாயிரம் பேர் பத்தாயிரம் முறை ஓசிஆர் செய்து அரைகுறையாகப் படிப்பதைவிட, வெளியிடுபவர் ஒருவர் ஒருமுறை ஒழுங்காக வெளியிடுவது மேல். இது தர்மம்கூட இல்லை, சாதாரணப் பொறியியல் கணக்கு.

இதற்கு நேர் எதிராக, பார்வையற்றவர்களை மனதில் வைக்காமலே அவர்களுக்குப் பெரிய உதவி செய்தவர்களும் தமிழில் உண்டு. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை எழுத்தெழுத்தாகத் தட்டினார்கள். நாட்டுடைமையான நூல்களை விக்கிமூலத்தில் ஓசிஆர் செய்து, வரி வரியாகப் பிழை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் சிலர். அவர்கள் நோக்கம் பாதுகாப்பு, தேடல், ஆய்வு. ஆனால் எழுத்து எழுத்தாக இருந்தால் அது குரலாகவும் மாறும், பிரெய்ல் புள்ளியாகவும் மாறும், பெரிய எழுத்தாகவும் மாறும். 1951-ல் வரையறுத்த பாரதி பிரெய்லில் தமிழுக்கு இடம் இருக்கிறது, மாற்றித்தரும் இலவச மென்பொருளும் இருக்கிறது. உள்ளே போவது யூனிகோடாக இருந்தால் மட்டும் போதும்.

சட்டம் முன்னாலேயே வந்துவிட்டது

‘காப்புரிமை இருக்கே, புத்தகத்தை எப்படி மாற்றித் தருவது?’ என்று ஒரு பதிப்பாள நண்பர் கேட்டார். 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கு வழி விட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் வாசிக்கக்கூடிய வடிவில், லாப நோக்கமில்லாமல், நூலை மாற்றித் தருவது மீறல் ஆகாது. 2013-ல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-ல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகமும் வந்துவிட்டது. ஆக, சட்டம் தடையில்லை. தடை, பதிப்பகக் கணினியில் கிடக்கும் பழைய எழுத்துருக் கோப்புதான். அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

வலைத்தளங்கள் விஷயத்திலும் அப்படியே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்கணும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு இன்னும் நேரடியானது. வங்கிக் கணக்கு தொடங்க, சிம் வாங்க, ‘உங்கள் வாடிக்கையாளரை அறியுங்கள்’ சோதனையில் கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். ஆசிட் வீச்சில் கண் இமை இழந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? பார்வையற்றவர் முகத்தை எப்படிக் கட்டத்துக்குள் பொருத்துவார்? டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சாசனம் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, 20 கட்டளைகளை இட்டது நீதிமன்றம்.

அந்தச் சிமிட்டல் திரையை வடிவமைத்தது என்னைப் போன்ற யாரோ ஒரு மென்பொருள் எழுத்தாளர்தான். ‘உயிருள்ள மனிதரா என்று சோதி’ என்பது தேவை. ‘கண்ணைச் சிமிட்டச் சொல்’ என்பது அவர் எடுத்த முடிவு. சோதனைக் குழுவில் பார்வையற்ற ஒருவர் இருந்திருந்தால் அது முதல் வாரத்திலேயே பிழையாகப் பதிவாகியிருக்கும், உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்காது. நம் ஊர் மட்டும் இப்படி என்றும் சொல்ல முடியாது. வெப்எய்ம் அமைப்பு 2024-ல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 95.9 சதவீதப் பக்கங்களில் கண்டறியக்கூடிய அணுகல் பிழைகள் இருந்தன. முக்கியமானவை என்ன? மங்கிய எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயரில்லாத பெட்டி, பெயரில்லாத பொத்தான். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே?

‘இனி இதெல்லாம் வேண்டாம், போன் கேமராவைக் காட்டினால் ஏஐ படித்துச் சொல்லிவிடும்’ என்கிறார்கள். பாதி உண்மை. டென்மார்க்கில் பிறந்து 2015-ல் வெளிவந்த ‘பி மை ஐஸ்’ செயலியில் தன்னார்வலர் ஒருவர் வீடியோ அழைப்பில் நம் கேமராவைப் பார்த்து, சட்டை என்ன நிறம், பாலின் கடைசித் தேதி என்ன என்று சொல்வார். 2023-லிருந்து அதே செயலியில் ஏஐயும் படத்தை விவரிக்கிறது. ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி 2020-லிருந்து இருக்கிறது, இணைய இணைப்பும் வேண்டாம். இவையெல்லாம் உண்மையான உதவிகள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். ஓசிஆர் தவறினால் உளறும். ‘மருநதுக கடை’ என்று படிக்கும்போது எங்கோ பிழை என்று காதுக்குத் தெரிந்துவிடும். ஏஐ தவறினால் உளறாது. நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாக, இல்லாத ஒன்றைச் சொல்லும். பார்வையுள்ளவர் படத்தை ஒருமுறை பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார். பார்வையற்றவரிடம் அந்த இரண்டாவது வழி இல்லை. மாத்திரை அட்டையில் 50 என்பதை 500 என்று சொன்னால்? மருந்து, பணம், கையெழுத்து போடும் காகிதம் மூன்றிலும் மனிதர் ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. வங்கிக் கடிதத்தை முகம் தெரியாத தன்னார்வலரிடம் காட்டலாமா என்பதும் யோசிக்க வேண்டியது.

நல்ல வழிகாட்டி எப்படி இருக்கணும்?

குறை சொல்லிவிட்டு ஓடிவிடக்கூடாது இல்லையா? தமிழில் ஒரு வழிகாட்டி எழுத யாராவது முன்வந்தால், நான் எதிர்பார்ப்பது இவை.

1. ‘பார்வையற்றவர்’ என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. பிறவியிலேயே பார்வை இல்லாமல் பிரெய்லில் படித்து வளர்ந்தவர் வேறு, அறுபது வயதில் பார்வை இழந்தவர் வேறு. குறைபார்வை உள்ளவருக்குத் திரைவாசிப்பானே தேவைப்படாமல் போகலாம். எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தாலே அவர் வேலை நடந்துவிடும்.

2. கருவியிலிருந்து தொடங்கக்கூடாது, செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்கணும். பத்திரிகை படிக்க, பஸ் ஏற, பணம் எண்ண, சமைக்க, பரீட்சை எழுத. ஒவ்வொன்றுக்கும் மலிவான வழி முதலில். சமையலறை டப்பாக்களை அடையாளம் காண ரப்பர் பேண்ட் போதும்: உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ரெண்டு.

3. இடமும் ஆளும் வேண்டும். தமிழகத்தில் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அடையாள அட்டைக்கும் அரசு உதவிகளுக்கும் அதுதான் முதல் வாசல். டேராடூன் தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட, ஏற்கெனவே போனைக் கேட்டு இயக்கத் தெரிந்த இன்னொரு பார்வையற்றவர். சித்தப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்ததைவிட, பக்கத்து ஊர்ப் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் போனிலேயே ரெண்டு வாரத்தில் சொல்லிக்கொடுத்தது அதிகம். எனக்குத் திரையைப் பார்த்தால்தான் அடுத்தது என்ன என்று தெரியும். அவருக்குக் கேட்டாலே தெரியும்.

4. ஒவ்வொரு பரிந்துரையிலும் தேதி இருக்கணும். போன மென்பொருளையும் மூடிய திட்டத்தையும் தேடி ஒருவரை அலையவிடுவது கொடுமை.

5. அந்த வழிகாட்டியே யூனிகோடில், தலைப்புகள் தலைப்புகளாகக் குறிக்கப்பட்டு இருக்கணும். திரைவாசிப்பான் பயனர்களிடம் வெப்எய்ம் எடுத்த கணிப்பில், நீண்ட பக்கத்தில் தகவல் தேட எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதலில் தாவுவது தலைப்பு விட்டுத் தலைப்புக்குத்தான். எழுத்தைத் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது.

படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் கொஞ்சம் வேலை வைக்கிறேன். குடும்ப வாட்ஸாப் குழுவில் கல்யாணப் பத்திரிகையைப் படமாக அனுப்பும்போது, கீழே தேதி, இடம், நேரத்தை எழுத்தாகவும் ஒரு வரி போடுங்கள். சங்கத்து அறிவிப்பு, பள்ளிச் சுற்றறிக்கை, துக்கச் செய்தி எல்லாவற்றுக்கும் இதே. உங்கள் அலுவலகத்திலிருந்து அடுத்து வெளியே போகப்போகும் தமிழ் பிடிஎஃப்பை அனுப்புவதற்கு முன்னால் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அனுப்புங்கள். ஜேகேபிஓ என்று வந்தால் அன்றைக்கு அதைச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.